கைதி சொல்ல முடியாத வார்த்தை

ரத்தம் விற்கும். பதினாறு வருஷமாக இந்த ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன் சொல்கிறேன். அழகைக் காட்டினால் விருந்தாளி ஒரு படம் பிடித்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்பான். அதே இடத்தில் "இங்கேதான் ஒன்பது பேரைத் தூக்குல போட்டாங்க" என்று சொல்லிப் பாருங்கள், கழிப்பறை மறந்துபோகும்.

பாலத்தடியில் இருக்கும் பலகையில் எட்டுப் பேர் என்றுதான் இருக்கிறது. ஒன்பதாவது ஆளை நான் சேர்த்தேன். கயிறு அறுந்து கீழே விழுந்து, கால் ஒடிந்து, மறுபடியும் தூக்கி ஏற்றப்பட்டவன். அந்த எட்டுப் பேருக்காக யாரும் உச்சுக் கொட்டிக்கூடப் பார்த்ததில்லை. என் ஒன்பதாவது ஆளுக்காக மூக்கைச் சிந்தியவர்கள் உண்டு.

ஒரு வண்டி, ஒரு டிரைவர், ஒரு வழிகாட்டி, ஒரு நாள். இதுதான் எங்கள் தொழில். கூட்டத்தோடு பஸ்ஸில் அடைந்து போகப் பிடிக்காதவர்கள் எங்களிடம் வருவார்கள். காலையில் ஓட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவோம். மதியம் வீட்டுச் சாப்பாடு. அந்த வீடு என் தங்கையின் வீடு, டிரைவர் அவள் புருஷன். வண்டிக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்த வருஷத்தில் தங்கைக்கு மாப்பிள்ளையும் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே ஆளில் முடித்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு வந்தவர் ஒரே ஆள், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அகலத் தொப்பி, பளபளவென்று பாலிஷ் போட்ட தோல் ஷூ. ரத்தம் என்றால் அவருக்கு வெல்லக்கட்டி. பாலத்தடியில் ஒன்பதாவது ஆளின் கதையைக் கேட்டுவிட்டு, "எந்தக் கால்?" என்றார். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. "இடது," என்றேன். "முட்டிக்கு மேலயா, கீழயா?" என்றார்.

மாப்பிள்ளை அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தார். வலது கை முட்டியில் துணி சுற்றியிருந்தது. டயர் மாற்றும்போது ஸ்பேனர் வழுக்கிவிட்டதாம்.

"வண்டி உங்களைத் திருப்பி அடிச்சிடுச்சா மாப்பிள்ளை?" என்று கேலி செய்தேன்.

"அடிச்சிடுச்சு மச்சான்," என்று சிரித்தார். டீசல் முள் சிவப்புக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நான் முணுமுணுத்தேன். மதியத்துக்கு மேல் போட்டுக்கொள்ளலாம் என்றார். 

எங்கள் சுற்றுலாவில் எது முன்னால், எது பின்னால் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. கடல் முடிவு செய்கிறது. துறைமுக ஆபீஸ் சுவரில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் மாதாமாதம் ஒட்டுவார்கள். கோட்டையின் அடியில் இருக்கும் அலையறையைக் கடல் இறங்கியிருக்கும்போதுதான் காட்ட முடியும். கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு கல் அறை. சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு வளையம். கைதியை அதில் கட்டினால் அவன் உட்காரத்தான் முடியும், எழுந்து நிற்க முடியாது. மிச்ச வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும். கொல்கிறவன் கையில் ரத்தம்கூடப் படாது.

அந்த அறையில் நானும் மாப்பிள்ளையும் ஒரு சிறு நாடகம் போடுவோம். அவர் கைதி, நான் காவல்காரன். அவர் கெஞ்சுவார், நான் அறைவேன். என் ஒரு கை அவர் கன்னத்துக்கு அருகில் போகும்போது, மறு கை என் தொடையைத் தட்டும், சத்தம் பிரமாதமாக இருக்கும். கைகளைப் பின்னால் கொண்டுபோய் வளையத்தில் கட்டுவேன். முனையை இழுத்தால் அவிழும் முடிச்சு. ஐந்து நிமிஷம், கைத்தட்டல், வெளியே வந்து இளநீர்.

முதல் வருஷம் ஒரு நாள் முடிச்சு இறுகிக்கொண்டது. "அவுத்து விடுங்க, கை போச்சு," என்று அவர் அலறினார். மனுஷன் இன்று நடிப்பில் பின்னுகிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு அறை விட்டேன். விருந்தாளிகள் தட்டிய தட்டில் சுவரே அதிர்ந்தது. பிறகு பார்த்தால் மணிக்கட்டுத் தோல் உரிந்து கிடக்கிறது. அன்று சாயங்காலம்தான் எங்களுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்று முடிவு செய்தோம். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய கைதி எவனும் சொல்லவே முடியாத வார்த்தை. அதைச் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். "டீசல்."

அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்துவிட்டது. நானும் அவரும் ஏதாவது பேசிக் குரல் உயர்ந்தால், அடுக்களையிலிருந்து தங்கை "டீசல், டீசல்" என்பாள். இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொள்வோம். மூன்று பேரும் சிரிப்போம்.

அன்று கடல் பதினொரு மணிக்கு இறங்கி, அதற்குப் பிறகு ஏற ஆரம்பிக்கும் நாள். காலையில் ஒரு மணி நேரம் போய்விட்டதால் வரிசை குழம்பியது. பாலம், மணிக்கூண்டு முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு, கோட்டையை மேலே மட்டும் காட்டிவிடலாம், நாடகம் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

தங்கை பரிமாறினாள். வழக்கமாக விருந்தாளியிடம் நாலு வார்த்தை பேசுவாள். அன்று தோளில் கிடந்த துண்டை வாயருகே பிடித்தபடியே இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து பல் உடைந்துவிட்டதாம். "பாத்து நடக்கக் கூடாதா," என்று நானே கடிந்துகொண்டேன். டாக்டர் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஒரே நிமிஷம், வாயைத் திறம்மா," என்றார். நாற்பது வருஷப் பழக்கம் போல. அவளும் பழக்கம் போலத் திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வண்டியைத் துடைக்க வெளியே போயிருந்தார். கை கழுவும் இடத்தில் டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பல்லு விழுந்து உடைஞ்சது இல்லங்க."

"என்ன சொல்றீங்க?"

"விழுந்தா தாடையில அடி இருக்கும், கையில சிராய்ப்பு இருக்கும். ஒண்ணுமே இல்ல. பல்லு மட்டும் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கு. உதட்டுக்குள்ள கிழிசல். நான் நிறையப் பாத்திருக்கேன்." குழாயை மூடினார். "ஓங்கி ஒரு குத்து. முட்டியால."

துணி சுற்றிய முட்டி என் கண் முன்னால் வந்து நின்றது. வண்டி உங்களைத் திருப்பி அடித்ததா என்று காலையில் நான்தானே கேட்டேன்.

அடுக்களைக்குப் போனேன். அவள் பாத்திரத்தை அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனாவது தடவை?"

அவள் திரும்பவில்லை. "டாக்டர் சொல்லிட்டாரா?"

"எத்தனாவது தடவைன்னு கேட்டேன்."

"பல்லு இதான் முதல் தடவை," என்றாள்.

அந்தப் பதிலை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"எதுக்கு?"

"இனிமே விருந்தாளிங்களுக்குச் சமைக்க மாட்டேன், தையல் கம்பெனிக்கே திரும்பப் போறேன்னு சொன்னேன். அங்க சூப்பர்வைசரா இருக்குற அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. 'உங்கண்ணன் தொழிலைக் கெடுக்கப் பாக்குறியா'ன்னு ஆரம்பிச்சார்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை வெச்சிருக்கீங்களே. அதைக்கூடச் சொல்லிப் பாத்தேன்ணா."

"என்ன?"

"டீசல்னு. அதுக்கு மட்டும்தானே அவர் நிப்பார். நாலு தடவை சொன்னேன். நிக்கல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கிளம்பு, என் வீட்டுக்கு வா என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தங்கை தெரியவில்லை. அவன் ஒருவன்தான் தெரிந்தான். வெளியே வந்து வண்டியில் ஏறினேன். "டாக்டர், உங்களுக்கு அலையறையைக் காட்டாம அனுப்ப மாட்டேன்," என்றேன்.

கோட்டைக்குப் போகும் வழியில் மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கடல் ஏறுதே மச்சான்."

"அஞ்சு நிமிஷம்தான்," என்றேன். டாக்டர் முன்னால் அவர் மறுத்துப் பேசவில்லை.

வாரநாள், உச்சி வெயில். கோட்டையில் ஈ காக்கை இல்லை. காவலாளி மர நிழலில் உண்ட மயக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறக்காமலே சாவியை நீட்டினார். 

அலையறையில் தண்ணீர் அதற்குள் கணுக்காலுக்கு மேல் நின்றது. டாக்டர் வாசல் படியில் ஷூ நனையாமல் நின்றுகொண்டு போனை உயர்த்திப் பிடித்தார். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் நீட்டினார். ஆறு வருஷமாக நீட்டும் கைகள். முட்டித் துணியை நான் அவிழ்த்தேன். தோல் இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. பல்லின் அகலம்.

கயிற்றைச் சுற்றினேன். இழுத்தால் இன்னும் இறுகும் முடிச்சாகப் போட்டேன். அவர் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அறைந்தேன். தொடையில் தட்டவில்லை.

கீழுதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. இரண்டாவது அறையில் தலை சுவரில் மோதியது. மூன்றாவது அறைக்குக் கையை மூடிக்கொண்டேன். மூக்கு நகர்ந்தது எனக்கே கேட்டது.

"அட, தத்ரூபமா இருக்கே," என்றார் டாக்டர்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "டீசல்."

நான் வெளியே வந்து கம்பிக் கதவைச் சாத்தினேன். பூட்டினேன். "வாங்க டாக்டர், கொல்றவங்க எங்க நின்னு பாத்தாங்கன்னு காட்டுறேன்."

மேலே கோட்டைச் சுவரின் தளத்தில் கம்பி போட்ட ஒரு துவாரம் உண்டு. அங்கே குனிந்தால் அறை முழுக்கத் தெரியும். டாக்டருக்கு அங்கேயே கதை சொன்னேன். முதலில் தண்ணீர் இடுப்புக்கு வரும், கைதி திட்டுவான். மார்புக்கு வரும், கடவுளைக் கூப்பிடுவான். கழுத்துக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிடுவான். பதினாறு வருஷமாகச் சொல்லும் பாடம், ஒரு சொல் பிசகவில்லை. கீழே ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கடல் ரத்தத்தைக் கழுவிவிட, மூக்கிலிருந்து மறுபடியும் வழிந்தது. கயிற்றோடு அவர் மல்லுக்கட்டுவது தோள்பட்டையில் தெரிந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். கீழேயிருந்து குரல் வெடித்து வந்தது.

"என்னமோ கத்துறாரே," என்றார் டாக்டர்.

"டீசல் போடணுமாம். காலையிலயே முள் சிவப்புல இருந்துச்சு."

டாக்டர் சிரித்தார். நல்ல மனிதர்தான், வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவது முறை அந்த வார்த்தை வந்தபோது பாதியில் தண்ணீர் அதை விழுங்கியது. டாக்டரின் சிரிப்பு நின்றது. போனைக் கீழே இறக்கினார். துவாரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். என் முட்டியிலும் தோல் கிழிந்திருந்தது.

"நான் சொன்னதுக்காகவா?" என்றார்.

நான் படியில் இறங்கி ஓடினேன். காப்பாற்றுவதற்கு என்று அவர் நினைத்திருப்பார். கதவைத் திறந்து உள்ளே போனேன். எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், உட்கார்ந்திருந்தவனுக்குக் கழுத்து. ஒவ்வோர் அலையும் அவன் வாயைக் கடந்து போய்த் திரும்பியது. தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன்.

"எத்தனை தடவை சொன்னா?"

"யா... யாரு மச்சான்..."

முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். கால்கள் தரையில் அடித்துக்கொண்டன. எண்ணிக்கொண்டே இருந்தேன், பிறகு பிடியை விட்டேன். உப்பும் ரத்தமுமாக என் சட்டையில் கக்கினான்.

"எத்தனை தடவை சொன்னான்னு கேக்குறேன்."

"நாலு," என்றான். பொய் சொல்லவில்லை. எண்ணி வைத்திருந்திருக்கிறான். எனக்கு அதுதான் இன்னும் வெறியை ஏற்றியது.

"நீ மூணுதான் சொல்லியிருக்கே."

என்னைப் பார்த்தான். இத்தனை வருஷமாக 'நீங்க' என்று அழைத்த என் வாயில் வந்த அந்த 'நீ' அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தங்கை கல்யாணத்தில் என் காலில் விழுந்து எழுந்தபோது பார்த்த அதே கண்கள்.

"டீசல்," என்றான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

கணக்குச் சரியாகிவிட்டது. இப்போது நான் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கத்தான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசை. ஆனால் அவிழ்க்காமல் நின்றேன். பெரிய அலை ஒன்று வந்து அவன் தலையை மூடியது. முடி மட்டும் மேலே மிதந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது.

என்னை யாரோ பக்கவாட்டில் தள்ளினார்கள். பல் டாக்டர். தொப்பி இல்லை, பாலிஷ் ஷூவோடு தண்ணீரில் இறங்கியிருந்தார். ஒரு கையால் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சைத் தேடினார். ஊறிய நைலான் கயிறு, விரலுக்கு மசியவில்லை. வாழ்நாள் முழுக்க எவ்வளவோ பேரிடம் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை அவர் செய்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். இரண்டு தடவை மேலே வந்து மூச்சு வாங்கினார். மூன்றாவது தடவையில் கயிறு நெகிழ்ந்தது.

படியில் அவன் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். நான் அருகில் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அவன் எழுந்த வேகத்தில் கதவில் தொங்கிய பூட்டைப் பிடுங்கி என் காதின்மேல் அடித்தான். உலகம் ஒரு பக்கம் சாய்ந்தது. விழுந்த பிறகு விலாவில் மூன்று உதை. நான்காவதற்குக் காலை ஓங்கினான். டாக்டர் நடுவில் நின்றுகொண்டு, "போதும். ரெண்டு பேரும் போதும்," என்றார். அவர் வாயோரத்திலும் ரத்தம். சத்தம் கேட்டு எழுந்து வந்த காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, வண்டியை நான் ஓட்டினேன். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டலுக்குப் போகவில்லை, நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனேன். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் நான் ஏதோ பரிசு கொண்டுபோகிறவன் மாதிரி போனேன்.

அவள் வாசலுக்கு வந்தாள். என் கோலத்தைப் பார்த்து, வாயில் வைத்திருந்த துண்டை மறந்து கீழே விட்டாள்.

"இனிமே அவன் உன்மேல கை வைக்க மாட்டான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு, தண்ணீர், மூக்கு. மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இருக்காரா?"

"இருக்கான்."

"அவர் அந்த வார்த்தையைச் சொன்னாரா?"

"சொன்னான். நாலு தடவை."

"நீ நின்னியா?"

பதிலுக்குப் பதிலாக அவள் தோளைத் தொடக் கையை உயர்த்தினேன். அவள் முழங்கை சட்டென்று மேலே போய் முகத்தை மறைத்தது. யோசிக்காமல், கண்ணில் தூசி விழும்போது இமை மூடுவதுபோல மறைத்தது. அவள் கை இத்தனை நாளாக யாருக்காக இப்படிப் பழகியதோ, அவனுக்குச் செய்ததை எனக்கும் செய்தது. நான் அவள் அண்ணன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது நிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள். அழவில்லை.

உள்ளே போனாள். ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு, ஒரு கை தூரம் விட்டே நடந்தாள். வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டர், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா? தையல் கம்பெனி வாசல்ல என்னை இறக்கி விட்டுடுங்க. வழி நான் சொல்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கியர் மாற்றத் தடுமாறினார். வண்டி குலுங்கி நகர்ந்தது. முள் சிவப்புக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேம்பாலம் ஏறுவதற்குள் நின்றுவிடும், நடுரோட்டில் அவள் நிற்பாள்.

பின்னாலேயே ஓடினேன். விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "டீசல்," என்று கத்தினேன். "டீசல்."

பின்கண்ணாடி வழியாக அவள் திரும்பிப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை.